தாயக்கட்டையும் அச்சமும்: கலசப்பாக்கத்தைக் களமாகக் கொண்ட அறிவியல் திகில் பாத்திரமேற்பு விளையாட்டின் வடிவமைப்பு

ஆய்வுச் சுருக்கம்

மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடையும் பேச்சும் கொண்டு ஆடப்படும் பாத்திரமேற்பு விளையாட்டுகள் மேலைநாடுகளில் அரை நூற்றாண்டாக வளர்ந்துள்ளன. அவற்றுள் அறிவியல் புனைவையும் திகிலையும் இணைக்கும் வகை, அச்சத்தை எண்ணாக மாற்றி ஆள்வதால் தனித்துக் கருதத்தக்கது. இவ்வகை விளையாட்டொன்றைத் தமிழில் வடிவமைக்க முயலும்போது எழும் சிக்கல்களை இக்கட்டுரை விளக்குகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், மலைபடுகடாம், தாயம், ஆடுபுலி ஆட்டம், ஆரணிப் பட்டு நெசவு ஆகியன இதற்குத் தரும் கருவிகள் எவை என்பதும், அவற்றைக் கையாளும்போது எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பாத்திரமேற்பு விளையாட்டு, அறிவியல் புனைவு, மெய்ப்பாடு, அச்சம், மருட்கை, ஆற்றுப்படை, தாயம், நடுகல்

முன்னுரை

1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகியோர் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகை விளையாட்டுகளின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. ஒருவர் நடத்துநராக இருந்து களத்தை விவரிப்பார். ஏனையோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, ‘நான் கதவைத் திறக்கிறேன்’ என்பது போலத் தம் செயலைச் சொல்வர். முடிவு ஐயத்திற்குரியதாயின் பகடை அதனைத் தீர்க்கும். 1977-இல் வந்த ‘டிராவலர்’ விண்வெளிப் பயணத்தை இவ்வடிவத்திற்குள் கொண்டுவந்தது. 1981-இல் சாண்டி பீட்டர்சன் வடிவமைத்த ‘கால் ஆஃப் கத்துலு’ திகிலைக் கொண்டுவந்தது. இவ்விரு நீரோட்டங்களும் அண்மைக் காலத்தில் இரண்டு விளையாட்டுகளில் நன்கு கலந்தன. ஒன்று ஷான் மெக்காய் வடிவமைத்து 2018-இல் வெளிவந்த ‘மதர்ஷிப்’. மற்றொன்று சுவீடனின் ஃப்ரீ லீக் நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ‘ஏலியன்’.

தமிழில் இத்துறை பற்றிய எழுத்து மிகக் குறைவு. கணினி விளையாட்டுகளைப் பற்றிக்கூட நாம் பெரும்பாலும் நுகர்வோராகவே பேசுகிறோம். ஆயினும் திகில் விளையாட்டொன்றை வடிவமைப்போர் எதிர்கொள்ளும் அடிப்படைக் கேள்விகளான அச்சம் எதிலிருந்து பிறக்கிறது, அதனை ஒருவர் மற்றவர்க்கு எவ்வாறு சொல்கிறார், ஆபத்தைக் கண்டும் மாந்தர் ஏன் ஓடிப்போவதில்லை என்பன தமிழ் இலக்கணத்திற்கும் இலக்கியத்திற்கும் புதியன அல்ல. கலசப்பாக்கத்தைக் களமாகக் கொண்டு யான் எழுதிவரும் வரைவு விளையாட்டே இக்கட்டுரைக்கு எடுத்துக்காட்டாகிறது.

களம்

கலசப்பாக்கம் திருவண்ணாமலை மாவட்டத்தில் செய்யாற்றங்கரையில் அமைந்த வட்டத் தலைமையிடம். அருகில் பருவதமலை. செய்யாறு தோன்றும் சவ்வாது மலைத்தொடரின் மறுபகுதியில், இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தின் காவலூரில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வான்ஆய்வகம் உள்ளது. யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்பதைப் புலப்படுத்திய 1977-ஆம் ஆண்டின் விண்மீன் மறைப்பு காவலூரிலிருந்தும் நோக்கப்பட்டது. 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி அங்கே 1986 முதல் இயங்குகிறது. வடகிழக்கே ஆரணி. புவிசார் குறியீடு பெற்ற அதன் பட்டுச் சேலைகளை நெய்யும் தறிகள் ஆரணியோடு நில்லாமல் சுற்றுவட்டார ஊர்களிலும் பரவியுள்ளன.

தறியும் தொலைநோக்கியும் ஒரே கதைக்குள் வருவது வலிந்து கூட்டியதாகத் தோன்றலாம். ஆனால் இரண்டுக்கும் இடையே உண்மையான பாலம் ஒன்று உண்டு. சேலையின் முந்தானைக்கும் கரைக்கும் பூ வேலை செய்ய உதவும் ஜக்கார்டு பெட்டி, துளையிட்ட அட்டைகளால் இயங்குவது. துளை இருந்தால் இழை உயரும், இல்லையேல் உயராது. 1804-இல் பிரெஞ்சு நாட்டு ஜக்கார்டு உருவாக்கிய இம்முறையையே சார்லஸ் பாபேஜ் தம் பகுப்பாய்வுப் பொறிக்கு எடுத்துக்கொள்ளத் திட்டமிட்டார். ஆகவே கணினியின் மூதாதை ஒன்று நம் ஊர்த் திண்ணையை அடுத்த அறையில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது எனலாம். வரைவு விளையாட்டின் கதைமுடிச்சு இதிலிருந்தே பிறந்தது. காவலூரில் பதிவான ஒரு சைகையின் வரிசை, யாரும் அறியாத வழியில், கலசப்பாக்கத்துத் தறி ஒன்றின் அட்டைக்கட்டில் துளைகளாக வந்திருக்கிறது. நெசவாளர் அதனை அறியாமல் நெய்கிறார். யாரும் வரையாத பூ ஒன்று சேலையில் விரிகிறது.

அச்சத்தின் நான்கு நிலைக்களன்

திகில் விளையாட்டுகள் பெரும்பாலும் அச்சத்தை ஒரே பொருளாகக் கொள்கின்றன. ‘கால் ஆஃப் கத்துலு’வில் அது மனத்தெளிவு என்னும் இருப்பாக அமைந்து, கொடுங்காட்சிகளைக் காணக் காணக் குறைகிறது. ‘மதர்ஷிப்’பில் மன அழுத்தம் என்னும் எண் ஏறிக்கொண்டே போகிறது. குறைவது, ஏறுவது என்னும் இவ்வேறுபாடு சிறிதன்று. இருப்பு குறையும்போது ஆடுபவர் கஞ்சனைப் போலக் காத்துக்கொள்கிறார். எண் ஏறும்போதோ, ‘இன்னும் ஒன்றுதானே’ என்று துணிகிறார். திகிலுக்கு இரண்டாவது வழியே பொருந்துவது என்பது என் கருத்து.

ஆனால் அச்சம் எதைக் கண்டு பிறந்தது என்பதை இவ்விரு முறைகளும் கணக்கில் கொள்வதில்லை. தொல்காப்பியர் கொள்கிறார். எண்வகை மெய்ப்பாடு ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன் கூறும் அவர், அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பனவற்றைச் சுட்டுகிறார். இப்பட்டியலை அறிவியல் திகிலின் மேல் வைத்துப் பார்த்தால் வியப்பளிக்கும் அளவிற்குப் பொருந்துகிறது. விளக்க இயலாத ஆற்றல் அணங்கு. வேட்டையாடும் உயிர் விலங்கு. நம்மவர் போல் தோன்றி நம்முள் நுழைந்தவர் கள்வர். நம்மை ஆளும் அதிகாரம் இறை. 1979-ஆம் ஆண்டின் ‘ஏலியன்’ திரைப்படத்தில் கப்பலுக்குள் திரிவது விலங்கு. மனிதனாக நடிக்கும் இயந்திரன் கள்வர். பணியாளரைப் பலி கொடுக்கத் துணிந்த நிறுவனம் இறை. இவற்றுள் இறுதியாகச் சொன்னதே அப்படத்தை நெடுநாள் வாழ வைத்தது என்பது பலரும் ஒப்பக்கூடியது.

அறிவியல் புனைவுக்குரிய உணர்வு மருட்கை. அதன் நிலைக்களன்கள் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். பேரளவும் நுண்ணளவும் ஒருங்கே வியப்பைத் தரும் என்ற இக்கருத்து, தொலைநோக்கியையும் நுண்ணோக்கியையும் ஒருசேர நினைவூட்டுகிறது. அறிவியல் திகில் என்பது மருட்கை அச்சமாகத் திரியும் இடம் என வரையறுத்துக்கொண்டால் நடத்துநர்க்கு ஒரு நடைமுறை வழி கிடைக்கிறது. ஒவ்வொரு காட்சியிலும் முதலில் வியக்க வைக்க வேண்டும். அதன் பின்னரே நடுங்க வைக்க வேண்டும். தறியில் விரியும் பூ முதலில் அழகாக இருந்தாக வேண்டும். உடல் சிதைவைக் காட்டும் திகில் இளிவரலின்பாற்படும். மூப்பு, பிணி என்பன அதன் களன்களுள் அடங்குவது கருதத்தக்கது. அது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

தாயக்கட்டையின் கணக்கு

நூறுமுகப் பகடையையும் இருபதுமுகப் பகடையையும் இறக்குமதி செய்யாமல், வீட்டில் இருக்கும் தாயக்கட்டைகளைக் கொண்டே ஆட இயலுமா என்பது அடுத்த கேள்வி. நீண்ட நான்முகக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று எனக் குறிகள். உருட்டுவதற்கு 16 வழிகள் உண்டு. கூட்டுத்தொகை 3 வருவதற்கு 4 வழி, 2-க்கும் 4-க்கும் மும்மூன்று, 1-க்கும் 5-க்கும் இவ்விரண்டு, 6-க்கு ஒன்று. இரண்டும் வெறுமையாக விழுவதும் ஒரே வழி. தாயத்தில் அது பன்னிரண்டாக மதிக்கப்படும். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மீண்டும் உருட்டும் உரிமை உண்டு. இந்நான்கும் சேர்ந்து 16-இல் 6, அதாவது 37.5 விழுக்காடு.

இவ்வெண்ணை ‘மதர்ஷிப்’போடு ஒப்பிடலாம். அதன் முதற்பதிப்பில் பாத்திரத்தின் திறன் எண், இரண்டு பத்துமுகப் பகடைகளின் கூட்டோடு 25 சேர்த்துப் பெறப்படுகிறது. சராசரி 36. நூறுமுகப் பகடையில் அதற்குக் கீழே விழுந்தாலே வெற்றி. ஆகவே பயிற்சியற்ற ஒருவர் மூன்றில் ஒரு முறைக்குச் சற்று மிகுதியாகவே வெல்வார். தாயத்தில் ‘மறுஆட்டம்’ விழும் வாய்ப்பும் ஏறத்தாழ அதுவே. எனவே வரைவில் மறுஆட்ட எண்கள் விழுந்தால் வெற்றி எனக் கொண்டேன். தொழில் அறிந்தவர்க்கு நான்கும் வெற்றியாகும். அப்போது 16-இல் 9, அதாவது 56.25 விழுக்காடு. ‘நாடா ஓட்டத் தெரிந்தவள் இழை அறுந்ததை இருட்டிலும் கண்டுகொள்வாள்’ என்பதை விளையாட்டு இவ்வாறு சொல்கிறது.

அச்சத்தின் அளவை ‘நடுக்கம்’ எனப் பெயரிட்டு ஒன்றிலிருந்து ஆறு வரை வைத்தேன். ஒவ்வொரு தோல்வியிலும் ஒன்று ஏறும். கொடுங்காட்சி நேரும்போது கட்டைகளை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை நடுக்கத்தைவிடக் குறைவாயின் பாத்திரம் நிலைகுலையும். இங்கு இரட்டை வெறுமை சுழியமே, பன்னிரண்டு அன்று. நடுக்கம் 1 எனில் நிலைகுலையும் வாய்ப்பு 6.25 விழுக்காடு. 2-இல் 18.75, 3-இல் 37.5, 4-இல் 62.5, 5-இல் 81.25, 6-இல் 93.75. ‘மதர்ஷிப்’பில் இருபதுமுகப் பகடை ஒன்றே பயன்படுவதால் அழுத்தம் ஒன்று ஏறினால் வாய்ப்பும் எப்போதும் 5 விழுக்காடே ஏறும். அது சீரான சரிவு. தாயக்கட்டையோ நடுவில் செங்குத்தாக எழுகிறது. மூன்றிலிருந்து நான்கிற்குப் போவது ஒரே அடியில் 25 விழுக்காடு. மனித அச்சம் சீராக ஏறுவதில்லை. ஓரளவு வரை தாங்கி, ஏதோ ஓரிடத்தில் உடைகிறது. இவ்வகையில் பழைய கட்டைகள் புதிய பகடையைவிட உண்மைக்கு அருகில் நிற்கின்றன. தாயத்தில் எல்லோரும் ஆர்ப்பரிக்கும் அதே வீழ்ச்சி இங்கே மேசையை அமைதியாக்கிவிடும் என்பது எதிர்பாராமல் கிடைத்த பயன்.

நிலைகுலைந்தவர் ஒற்றைக் கட்டையை உருட்டுவார். நான்கு முகங்களும் நான்கு நிலைக்களன்கள். வெறுமை அணங்கு, ஒன்று விலங்கு, இரண்டு கள்வர், மூன்று இறை. அணங்கு விழுந்தால் பார்த்ததிலிருந்து கண்ணை எடுக்க இயலாது. விலங்கு விழுந்தால் ஓட்டம். கள்வர் விழுந்தால் உடனிருப்பவர் ஒருவர்மேல் ஐயம். இறை விழுந்தால் யாரேனும் இட்ட ஆணைக்குக் கேள்வியின்றிப் பணிதல். இறுதியானதே மிகக் கொடியது என்பதை ஆடிப் பார்ப்பவர் உணர்வர்.

தாயத்தின் மற்றொரு விதியும் உதவியது. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். அதன் வாய்ப்பு எட்டில் ஒன்று. ஐந்து முறை உருட்டியும் தாயம் விழாதிருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 51 விழுக்காடு, எட்டு முறை உருட்டியும் விழாதிருப்பது 34 விழுக்காடு. தப்பிச் செல்ல வேண்டிய வண்டி ‘தாயம் விழுந்தால்தான் கிளம்பும்’ என்று மட்டும் நடத்துநர் சொன்னால் போதும். வேறு விவரிப்புத் தேவையில்லை. சிறுவயதில் தாயம் விழாமல் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்த எவர்க்கும் அந்தக் காத்திருப்பு தெரியும். கைத்திறனால் வேண்டிய எண்ணை விழவைப்பவர் ஊருக்கு ஒருவர் இருப்பார். அவரை என்ன செய்வது என்பதற்கு இன்னும் விதி காணவில்லை!

வெல்ல இயலாத ஆட்டம் பற்றியும் ஒரு சொல். ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலிக்கு எதிரே 15 ஆடு. ஆட்டால் புலியை வெட்ட இயலாது, வழியடைக்கவே இயலும். திகில் விளையாட்டின் சமநிலையின்மைக்கு இதைவிடத் தெளிவான இலக்கணம் கிடைப்பது அரிது. பாத்திரங்கள் எதிரியைக் கொல்ல முயன்றால் தோற்பர். அடைக்க முயன்றால், சிலரை இழந்து, வெல்லக்கூடும்.

நடத்துநரின் குரல்

நடத்துநர் எக்குரலில் பேசுவது என்பது விதிநூல்களில் போதிய இடம் பெறாத பகுதி. இங்கே களமே விடை தருகிறது. 583 அடிகளையுடைய மலைபடுகடாம், செங்கண்மாவில் இருந்த நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்துவது. அதில் வரும் நவிரமலை இன்றைய பருவதமலை என்பர். சேயாறு இன்றைய செய்யாறு. கலசப்பாக்கத்திலிருந்து கண்ணுக்கெட்டும் மலையே பாட்டின் களம்.

ஆற்றுப்படை முன்னிலையில் நிகழ்வது. ‘நீவிர் இவ்வழியே செல்வீர், இது எதிர்ப்படும், இவ்வாறு செய்க’ என்பதே அதன் அமைப்பு. ஒரு குழுவை நோக்கி, வரவிருக்கும் இடர்களை இடம் இடமாகச் சொல்லிச் செல்லும் இக்குரல், பாத்திரமேற்பு விளையாட்டு நடத்துநரின் குரலேயாகும். இடர்களும் தேர்ந்தெடுத்தவை. பன்றிக்கு வைத்த பொறிகள், பாம்பு ஒடுங்கிய குழிகள், தினைப்புனம் காப்போர் யானையை நோக்கி எறியும் கவண் கற்கள் ஆகிய இவற்றுள் எதுவும் கூத்தரைக் குறிவைத்தது அன்று. அவர்கள் பிறருடைய ஆபத்தின் குறுக்கே நடக்கிறார்கள். சூர் உறையும் சரிவில் தேனிறாலைக் கண்டாலும் சட்டென அண்ணாந்து நோக்க வேண்டா, கால் வழிதவறும் என்னும் அறிவுரை, திகில் வடிவமைப்பின் முழுப் பாடமாகவே எனக்குப் பட்டது. அழகிய பொருள், அதை நோக்கும் ஆவல், நோக்கினால் வரும் கேடு ஆகிய மூன்றும் ஓர் அறிவுரைக்குள் அடங்கியுள்ளன. வரைவில் ‘அண்ணாந்து பார்த்தல்’ ஒரு தனிச் செயல். பார்ப்பவர்க்கு உண்மை ஒன்று உறுதியாகத் தெரியவரும், நடுக்கம் ஒன்றும் உறுதியாக ஏறும். பகடை இல்லை.

பாட்டின் பெயர்க்காரணமும் பயன்பட்டது. மலையை யானையாக உருவகித்து, அதிலிருந்து எழும் பலவகை ஓசைகளைக் கடாமாகக் கூறுவதால் அப்பெயர் அமைந்தது. திகிலில் கண்ணைவிடக் காது முந்துவது. நெசவூரில் தறியோசை மூச்சைப் போன்றது, அது நின்றால்தான் செவிக்குப் புலப்படும். ஆகவே நடத்துநர்க்கு ஒரே ஒரு கட்டளை: ஒவ்வொரு காட்சியையும் ஓசையில் தொடங்குக.

ஏன் ஓடிப்போவதில்லை?

எல்லாத் திகில் கதைகளையும் மடக்கும் கேள்வி இது. ‘ஏலியன்’ படத்தில் ஒப்பந்தம் தடுக்கிறது. சைகையை ஆராய மறுத்தால் பங்குத்தொகை முழுதும் பறிபோகும். பட்டுத் தறித்தொழிலில் இதற்கு நேரான சொல் முன்பணம். பாவும் ஊடையும் சரிகையும் தருபவர் முதலாளி. நெய்து தந்து கூலி பெறுபவர் நெசவாளர். மகளின் திருமணத்திற்கோ மருத்துவத்திற்கோ வாங்கிய முன்பணம் தீரும்வரை வேறிடத்துக்குத் தறியை மாற்றுவது எளிதன்று. வரைவில் ஒவ்வொரு பாத்திரத்திற்கும் ‘பாக்கி’ என்னும் எண் உண்டு. தறியில் ஏற்றிய பாவு 12 கட்டங்களாகத் தாளில் வரையப்படும். பாவு முடிந்தால் பாக்கி தீரும். பூவும் முழுமை பெறும். பூ முழுமை பெற்றால் என்ன நேரும் என்பது யாருக்கும் தெரியாது. பாதியில் அறுத்தெறிந்தால் ஊர் தப்பலாம். அறுத்தவர் குடும்பம் தப்பாது.

இவ்விடத்தில் எனக்கே தயக்கம் உண்டு. பிறர் உழைப்பின் துயரைப் பொழுதுபோக்கின் எரிபொருளாக்குகிறோமா? இக்கேள்விக்கு வடிவமைப்பாலேயே விடையிறுக்க வேண்டும். வரைவில் இரண்டு கட்டுப்பாடுகள் அமைத்தேன். முதலாவது, நெசவாளர் எவரும் நடத்துநர் ஆட்டும் பின்னணி மாந்தராக வரக்கூடாது. அவர்களே ஆடுவோர் ஏற்கும் பாத்திரங்கள். வெளியிலிருந்து வரும் அறிஞரே பின்னணி மாந்தர். இரண்டாவது, பருவதமலையில் வழிபடப்பெறும் தெய்வமும் ஊர்த் தெய்வங்களும் எவ்வகையிலும் எதிரியாகக் கூடா. சாமியாடுதல் நிலைகுலைவின் விளைவாக வரக்கூடாது. ‘அணங்கு’ என்னும் சொல்லை எடுத்துக்கொண்டு, அதனைப் பூசை பெறும் ஒரு தெய்வத்தின் மேல் ஏற்றுவது ஆராய்ச்சியாகாது, அவமதிப்பாகவே முடியும். விரும்பாத காட்சியை யாரும் காரணம் சொல்லாமல் நிறுத்துவதற்காக ஜான் ஸ்டாவ்ரோபொலஸ் அறிமுகப்படுத்திய ‘எக்ஸ் அட்டை’யும் மேசையில் இருக்கும்.

விளக்கத்தின் எல்லை

சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ தமிழில் அறிவியலும் திகிலும் மோதும் நாவல்களுள் குறிப்பிடத்தக்கது. கணேஷ் அறிவியல் விளக்கத்தைத் தேட, வசந்த் பேயை நம்பத் தலைப்படுகிறான். வாசகர் இருவர்க்கும் இடையே ஊசலாடுகிறார். மேசை விளையாட்டில் இவ்வூசலைக் காப்பது கடினம். நாவலில் எழுத்தாளர் ஒருவர், மேசையிலோ கேள்வி கேட்பவர் நால்வர். நடத்துநர் விடையை முன்கூட்டியே அறிந்திருந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். எனவே சைகை எங்கிருந்து வந்தது என்பதை விதிநூல் சொல்வதில்லை. மூன்று விளக்கங்கள் தரப்பட்டு, ஆட்டத்தின் நடுவில் ஒற்றைக் கட்டையால் ஒன்று தேர்வாகும். வெறுமை விழுந்தால் மூன்றுமே பொய். பிற்பாதியில் நடத்துநரும் ஆடுவோரைப் போலவே இருட்டில் நடப்பார்.

இறந்தவர் கணக்கு

‘ஏலியன்’ போன்ற விளையாட்டுகளில் பாத்திரம் இறந்தால் ஆடுபவர் வேறொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வார். இறந்தவர் தாள் கிழிக்கப்படும். செங்கம் வட்டாரத்தில் அவ்வாறு செய்வது பொருந்தாது. இப்பகுதி நடுகற்கள் தமிழ்நாடு தொல்லியல் துறையால் 1972-இல் நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு நூலாக்கப்பட்டன. மன்னனின் ஆட்சியாண்டு, வீரனின் தலைவன், வீரனின் பெயர், எதில் பட்டான் என்பது ஆகியன சில வரிகளுக்குள் அடங்கிவிடும். எடுத்தனூர்க் கல்லில் கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு கோவிவன் என்னும் அவனது நாயும் பெயர் பெற்று நிற்கிறது.

வரைவில் பாத்திரம் இறந்தவுடன் ஆட்டம் நிறுத்தப்படும். அவரை ஆடியவர் ஓர் அட்டையில் நான்கு செய்திகளை மட்டும் எழுதுவார்: பாவில் எத்தனையாவது கட்டம், யாருக்குப் பாக்கிப்பட்டவர், பெயர், எதனால் பட்டார். அட்டை மேசை நடுவே நிறுத்தி வைக்கப்படும். மற்றவர்கள் அவ்வழியே செல்லும்போது நின்று அதனை உரக்கப் படித்தால் அவர்களது நடுக்கம் ஒன்று குறையும். நடுக்கம் குறைவதற்கு விளையாட்டில் வேறு வழியே இல்லை. நான்காவது செய்தியாக ‘இறை’ என்று எழுதப்பட்ட அட்டைக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. அதனைப் படிப்பவரின் பாக்கியில் இறந்தவரின் பாக்கியும் சேரும். இவ்விதியை நீக்கிவிடலாமா என்று பலமுறை எண்ணியும் நீக்க மனம் வரவில்லை.